வரி கேட்டவனைக் கேள்வி கேட்டவர்

பலேர்மோவின் பழைய துறைக்கு லா காலா என்று பெயர். அதன் வாயில் இப்போது வெள்ளைப் படகுகள் வரிசைகட்டி நிற்கின்றன. 2023-இல் திறந்த புதிய படகுத்துறை இது. கண்ணாடி வைத்த உணவகங்கள், செயற்கைக் குளம், மாலையில் உலாவ வரும் குடும்பங்கள் என்று இடமே மாறிவிட்டது. அதன் ஓரத்தில் கொஞ்சம் பழைய கல் மிஞ்சியிருக்கிறது: ஒரு வட்டக் கோபுரத்தின் அடி, ஒரு நுழைவாயில். காஸ்தெல்லோ ஆ மாரே, அதாவது கடற்கோட்டை, இருந்த இடம். துறைமுகத்தை விரிவாக்குவதற்காக 1923-இல் அதை இடித்தார்கள். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அரசுக்குப் பிடிக்காதவர்களை அடைத்துவைத்த இடம் அதுதான். 1593-இல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது உள்ளே சிறையிருந்த அந்தோனியோ வெனெத்சியானோ என்ற சிசிலியக் கவிஞரும் இறந்துபோனார்.

1848 ஜனவரியில் அந்தக் கோட்டைக்குள் ஒரு பொருளியலாளரைத் தள்ளினார்கள். பெயர் பிரான்செஸ்கோ ஃபெர்ராரா. 1810 டிசம்பரில் இதே ஊரில் பிறந்தவர். அரசமைப்புச் சட்டம் வேண்டும் என்று முந்தைய ஆண்டு, மால்டாவிலிருந்து வந்தது போன்ற தோற்றத்தில், பெயரில்லாத கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அவரைப் பிடித்து இரண்டொரு நாளில், ஜனவரி 12 அன்று, பலேர்மோ கிளர்ந்தெழுந்தது. ஐரோப்பா முழுவதும் அந்த ஆண்டு பரவிய புரட்சிகளில் முதலாவது இங்கேதான் வெடித்தது. பிப்ரவரியில் கோட்டை மக்கள் கைக்கு வந்ததும் கைதிகள் வெளியே வந்தார்கள். சிறையிலிருந்து வந்த மனிதர் சில மாதங்களில் சிசிலிய நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார், ‘இந்திபெந்தென்சா எ லா லேகா’ என்ற செய்தித்தாளை நடத்தினார். அந்த ஆண்டு ஜூலையில், சிசிலியின் முடியை சவோய் இளவரசர் ஒருவருக்குக் கொடுக்க முன்வந்த தூதுக்குழுவில் ஒருவராக வடக்கே போனார். இளவரசர் முடியை ஏற்கவில்லை. 1849-இல், தீவை அதுவரை ஆண்ட பூர்போன் அரசரின் படைகள் பலேர்மோவை மீட்டுக்கொண்டன. ஊர் திரும்ப வழியில்லாமல் ஃபெர்ராரா டூரினில் தங்கினார்.

நாட்டை விட்டு வந்து, திரும்ப முடியாமல், இன்னொரு ஊரில் வேலை தேடிய மனிதரைப் பற்றி எனக்கு விளங்கப்படுத்த யாரும் தேவையில்லை. நான் இலங்கையின் வல்வெட்டித்துறைக்காரன். 1990-இல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தேன். அந்த ஆண்டுதான் இத்தாலியில் மார்த்தெல்லி சட்டம் வந்து, பத்திரமில்லாமல் இருந்த பலருக்குப் பத்திரம் கிடைத்தது. பலேர்மோத் தமிழர்களில் பாதிப்பேரின் கதை அப்படித்தான் தொடங்குகிறது. வீட்டுவேலை, வயோதிபர் பராமரிப்பு, கடை கழுவுதல். ஞாயிறில் மொந்தே பெல்லெகிரீனோ மலைக்கு ஏறி சாந்தா ரோசலியாவிடம் மெழுகுதிரி ஏற்றுவது. சைவக்காரரும் ஏறுவார்கள், கத்தோலிக்கரும் ஏறுவார்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு வயோதிப வழக்கறிஞரின் வீடு. எல்லோரும் அவரை ‘அவோகாத்தோ’ என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. கண்பார்வை மங்கிவிட்டது. சமையல், குளிப்பாட்டல் எல்லாம் முடிந்ததும் பின்னேரத்தில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு இத்தாலியன் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ‘வாசி மகனே, நீ வாசித்தால் உனக்கும் மொழி வரும், எனக்கும் பொழுது போகும்’ என்பார். அவருடைய அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்க ஒரே அளவில், ஒரே பழுப்புத் தோல் கட்டில் தடித்த புத்தகங்கள். முதுகில் பொன்னெழுத்து பாதி உதிர்ந்திருந்தது. ‘பிப்லியோத்தேகா தெல்லெக்கோனோமிஸ்தா’, பொருளியலாளர் நூலகம். கையில் எடுத்தால் தோல் தூளாகி விரல் சிவக்கும். வாசித்து முடித்து எழும்பும்போது வெள்ளைச் சட்டையில் செங்கல் பொடி போலக் கறை இருக்கும். அதில்தான் நான் இத்தாலியன் படித்தேன். இரட்டை மெய்யெழுத்தை நான் ஒற்றையாக வாசித்தால் அவோகாத்தோ கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த வரியைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

அந்த நூலகத்தை உருவாக்கியவர் ஃபெர்ராரா. 1850-இல் டூரினில் பொம்பா பதிப்பகம் வெளியிடத் தொடங்கியது. ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ, மால்தஸ், சே, பாஸ்தியா, ஜோன் ஸ்டூவர்ட் மில் என்று உலகத்துப் பொருளியல் நூல்களை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்த இருபதுக்கும் மேற்பட்ட பெருந்தொகுதிகள். ஆனால் அவற்றை இன்றும் தேடிப் படிக்கிறவர்கள் மொழிபெயர்ப்புக்காகப் படிப்பதில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஃபெர்ராரா எழுதிய முன்னுரைகளுக்காகப் படிக்கிறார்கள். சில முன்னுரைகள் தனிப் புத்தகம் அளவுக்கு நீளம். தான் அறிமுகப்படுத்தும் ஆசிரியரையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார். ரிக்கார்டோவின் நிலவாடகைக் கோட்பாடா, வா, பார்ப்போம். மால்தஸின் மக்கள்தொகைக் கணக்கா, எங்கே பிழை? பெயர் பெரிது என்பதற்காக ஒருவரையும் தப்ப விடமாட்டார். புகழ்ந்து மாலை போடும் முன்னுரைகளையே பார்த்து வளர்ந்த எனக்கு அது புதிய காற்றாக இருந்தது.

அவருடைய கருத்துகளில் எனக்கு முதலில் பிடிபட்டது பெறுமதி பற்றியது. ஒரு பொருளின் விலையைத் தீர்மானிப்பது அதைச் செய்தவன் பட்ட பாடு அல்ல. வாங்குகிறவன் அதே பொருளை, அல்லது அதே தேவையைத் தீர்க்கும் வேறொன்றை, இன்று தானே பெற வேண்டுமானால் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பதுதான் என்றார். இதை மறு உற்பத்திச் செலவு என்பார்கள். பலேர்மோவின் பல்லாரோ சந்தையில் தள்ளுவண்டி வைத்திருந்த நம் பெடியனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தோட்டக்காரன் எத்தனை நாள் தண்ணி இறைத்தான் என்று எலுமிச்சை வாங்க வந்த அம்மா கேட்கமாட்டாள். பக்கத்து வண்டியில் என்ன விலை, அங்கே நடந்துபோவது வசதியா என்று பார்ப்பாள். கணக்கின் மையத்தை உழைப்பிலிருந்து தனிமனிதனின் தேர்வுக்கு நகர்த்தியது அக்காலத்தில் பெரிய காரியம். பின்னால் 1870-களில் வியன்னாவிலும் மான்செஸ்டரிலும் லோசானிலும் இதே திசையில் புரட்சி நடந்தபோது, பலேர்மோக்காரர் அதற்கு முன்பே அந்தப் பாதையில் நெடுந்தூரம் நடந்திருந்தார்.

அடுத்தது வரி. இதில்தான் அவரை நான் உயிராக மதிக்கிறேன். வரி என்பது சிறந்த நிலையில் ஒரு கொடுக்கல்வாங்கல் என்றார். தனியே செய்துகொள்ள முடியாத பாதுகாப்பையும் வீதியையும் நீதியையும் நாம் சேர்ந்து விலை கொடுத்து வாங்குகிறோம். அப்படி இருந்தால் வரியைவிட லாபமான செலவு வேறில்லை. ஆனால் வரலாற்றில் நாம் காண்பது பெரும்பாலும் அதுவல்ல. வரி வாங்குகிறவன் விலையையும் சொல்லி, பொருளையும் தராமல், கேட்டவனை உள்ளே போடுகிறான். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளப்பதுதான் அரசநிதி அறிவியலின் வேலை என்பது அவருடைய நிலை. அரசன் நல்லவனா கெட்டவனா என்று அவர் கேட்கவில்லை. யார் கொடுக்கிறார், எதற்கு, பதிலுக்கு அவருக்கு என்ன வருகிறது என்று கேட்டார்.

இளமையிலேயே அவர் அப்படித்தான். 1834 முதல் பலேர்மோவின் அரசுப் புள்ளிவிவரத் துறையில் வேலை. மறு ஆண்டே புள்ளிவிவரத்தின் மீதான ஐயங்கள் என்று ஒரு கட்டுரை. சம்பளம் தருகிற துறையின் அடித்தளத்தையே தட்டிப் பார்க்கிறார். 1836-இல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய புள்ளிவிவர இதழில் சிசிலியின் மக்கள்தொகை, நேப்பிள்ஸுக்கும் சிசிலிக்கும் இடையிலான கரையோரக் கப்பல் வாணிபம் என்று அலசினார். எண்களை நம்பாதவர் அல்ல அவர். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அதைப் பயன்படுத்த மறுத்தவர்.

டூரினிலும் அதே கதை. 1849-இல் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர் இடம் கிடைத்தது. அடைக்கலம் கொடுத்த ஊர். சில ஆண்டில் அங்கே ஆட்சிக்கு வந்தவர் கவூர், அவரும் தடையற்ற வணிகத்தை நம்புகிறவர். ஃபெர்ராரா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும். கவூர் தேசிய வங்கிக்குச் சலுகைகள் கொடுக்க முனைந்தபோது, ஒரு வங்கிக்கு மட்டும் ஏன் என்று பத்திரிகையில் எழுதினார். 1858-இல் பல்கலைக்கழகம் அவரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தது. பிறகு பிசாவுக்குப் போனார். அகதியாக வந்த இடத்தில் எசமானுக்கு எதிராகப் பேசுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது, வதிவிடப் பத்திரத்தைப் புதுப்பிக்க வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

1860 மே மாதம் கரிபால்டி பலேர்மோவுக்குள் நுழைந்தார். சிசிலி பூர்போன்களின் கையிலிருந்து போய்விட்டது. அடுத்தது என்ன என்பதே கேள்வி. ஜூலையில் ஃபெர்ராரா கவூருக்கு ஒரு குறிப்பு எழுதினார். சிசிலியை இத்தாலியோடு சேருங்கள், ஆனால் டூரினின் சட்டங்களையும் அலுவலகங்களையும் அப்படியே கொண்டுவந்து கவிழ்க்காதீர்கள். இந்தத் தீவுக்குத் தன் காரியங்களைத் தானே பார்க்கும் உரிமையை விடுங்கள் என்பதே அதன் சாரம். யாரும் கேட்கவில்லை. ஆறே ஆண்டு. 1866 செப்டம்பரில் பலேர்மோ மறுபடி கிளர்ந்தது. ஏழரை நாள் நகரம் அரசின் கையில் இல்லை. கடற்படைக் கப்பல்கள் இந்தத் துறைக்கு முன்னால் நின்று ஊரின் மீதே குண்டு போட்டன. சொந்த நாட்டுக் கடற்படை சொந்த நகரத்தைச் சுடுவதை வல்வெட்டித்துறையில் கண்டவன் நான். அந்தப் பக்கத்தை அவோகாத்தோவுக்கு வாசித்தபோது கொஞ்சம் நிறுத்தி, தண்ணி குடித்துவிட்டுத்தான் மேலே போனேன்.

சிசிலிக்குத் தன்னாட்சி பின்னால் வராமல் இல்லை. 1946 மே 15-இல் சிறப்புச் சட்டம் வந்தது. மாநில சட்டமன்றம் இன்று நார்மன் அரண்மனையில் கூடுகிறது. ஃபெர்ராரா கேட்டு 86 ஆண்டு கழித்து வந்த அந்தத் தன்னாட்சி, அலுவலகங்களையும் உத்தியோகங்களையும் பெருக்கிக்கொண்டு போனதைப் பலேர்மோக்காரர் எல்லோரும் சொல்லி வருந்துகிறார்கள். அவர் கேட்டது தீவு மக்கள் தங்கள் பணத்துக்குத் தாங்களே கணக்குக் கேட்கும் உரிமையை. வந்ததில் உரிமை இருக்கிறது, கணக்குக் கேட்கும் பழக்கம் கூடவே வரவில்லை. எங்கள் ஊரிலும் 13-ஆம் திருத்தம், மாகாணசபை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் மகள் இங்கே பிறந்தவள், இங்கேயே பொருளியல் படித்தவள். ஃபெர்ராரா மீது எனக்கிருக்கும் பற்றை அவளிடம் மறைத்ததில்லை. ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

‘அப்பா, உங்கட ஃபெர்ராரா மந்திரியா இருக்கேக்குள்ள என்ன செய்தவர் எண்டு வாசிச்சனீங்களே?’

‘வாசிச்சனான்.’

‘மா அரைக்கிறதுக்கு வரி போடச் சொன்னவர் அப்பா. சனம் தின்னுற பாணுக்கு வரி.’

உண்மைதான். 1867 ஏப்ரலில் ராத்தாத்சி அமைச்சரவையில் நிதியமைச்சரானார். ஜூலையில் பதவி போய்விட்டது. ஏறக்குறைய மூன்று மாதம். திருச்சபைச் சொத்துகளை வைத்துக் கடன் அடைக்கும் திட்டம் நிறைவேறாமல் போக விலகினார். ஆனால் அந்தச் சிறிய காலத்திலும், அதற்கு முன்பும், அரைவை வரியை அவர் ஆதரித்தார். ‘மசினாத்தோ’ என்ற அந்தப் பெயரைக் கேட்டாலே சிசிலியில் பல்லைக் கடிப்பார்கள். பூர்போன் காலத்தில் மக்கள் மிக வெறுத்த வரி அது. கரிபால்டி வந்ததும் செய்த முதற்காரியங்களில் ஒன்று அதை ஒழித்தது. அதைத்தான் சுதந்திர இத்தாலி 1868-இல் சட்டமாக்கி, 1869 ஜனவரி 1 முதல் வசூலித்தது. அப்போது ஃபெர்ராரா பதவியில் இல்லை. ஆனாலும் பாதை போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அந்த வரி வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆலையின் சுழலும் தண்டில் ஒரு எண்ணியைப் பொருத்தினார்கள். கல் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று அது எண்ணும். நூறு சுற்றுக்கு இவ்வளவு என்று ஆலைக்காரன் கட்ட வேண்டும். அவன் அதை மா அரைக்க வந்த ஏழையிடம் வாங்குவான். கோதுமைக்கு ஒரு குவிண்டாலுக்கு 2 லீரா என்பது சட்டத்தின் கணக்கு. கல் எத்தனை சுற்றில் எவ்வளவு தானியம் அரைக்கும் என்பது கல்லுக்குக் கல் மாறும். மாவு நைசா, கொரகொரப்பா, தண்ணீர் விசை பலமா, மெதுவா, எல்லாவற்றுக்கும் எண்ணி ஒரே எண்ணைத்தான் காட்டும். சின்ன ஆலைக்காரர்கள் பூட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஜனவரியில் வடக்கே எமிலியாவில் தொடங்கிப் பல ஊர்களில் மக்கள் எழும்பினார்கள்; 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1884-இல்தான் அந்த வரி முற்றாகப் போனது.

வரி என்பது கொடுக்கல்வாங்கலாக இருக்க வேண்டும் என்று எழுதிய கை இதையும் ஆதரித்ததை நான் மன்னிக்கவில்லை. அவர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. 1866-இல் ஆஸ்திரியாவோடு போர்; கருவூலம் காலி; தங்கமாக மாற்றித் தர வேண்டாம் என்று வங்கித்தாளுக்கு அரசு கட்டாயச் செலாவணி அறிவித்திருந்தது. அதை எதிர்த்து அதே ஆண்டு ‘நுவோவா அந்தோலோஜியா’ இதழில் மிகக் கடுமையாக எழுதியவர் ஃபெர்ராரா. தாளை அச்சடித்து ஏழையின் பையில் கைவிடுவதைவிட, வெளிப்படையாகக் கண்ணுக்குத் தெரியும் வரி மேல் என்று எண்ணியிருக்கிறார். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த அந்த வரியையும் பசித்தவன்தான் அதிகம் கட்டினான். பதவிக்குப் போன சிந்தனையாளருக்கு இது ஒரு பொறி. ராஜாஜியும் அதில் மாட்டியவர்தான். 1937-இல் சென்னை மாகாணத்தில் பிரதமராகி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியா முழுக்கப் பரவப்போன வரி அது. 20 ஆண்டு கழித்து, 1959-இல், அரசின் கை எல்லாவற்றிலும் நீள்கிறது என்று சொல்லிச் சுதந்திராக் கட்சி தொடங்கியவரும் அவரே.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். ‘அப்ப அவரை ஏன் இன்னும் வாசிக்கிறீங்கள்?’ என்றாள்.

‘அவர் செய்தது பிழை எண்டு காட்டுறதுக்கு அவர் எழுதினதையே எடுக்கலாம், பிள்ளை. வேற யார் அப்பிடி எழுதி வைச்சவை?’

அவள் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, ‘அது சரிதான்’ என்றாள். அவளிடமிருந்து அது வருவது சுலபமில்லை.

அமைச்சர் பதவி போன மறு ஆண்டு, 1868-இல், வெனிஸில் கா ஃபோஸ்காரி மாளிகையில் உயர் வணிகப் பள்ளி தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஃபெர்ராரா. 1900 ஜனவரியில் இறக்கும்வரை அவரே. இன்று அது பல்கலைக்கழகம். அந்தப் பள்ளி உருவாக முன்னின்றவர்களில் லுயீஜி லுத்சாத்தி முக்கியமானவர். 1874-இல் அதே லுத்சாத்தியையும் அவரைச் சார்ந்தவர்களையும் ஃபெர்ராரா வெளிப்படையாக எதிர்த்தார். ஜெர்மனியிலிருந்து வந்த, அரசே வழிநடத்தும் பொருளியலை இவர்கள் இத்தாலியில் நடுகிறார்கள் என்று எழுதினார். புளோரன்ஸில் ஆடம் ஸ்மித் பெயரில் ஒரு சங்கம் எழுந்தது. மறு ஆண்டு லுத்சாத்தி பக்கத்தினர் மிலானில் மாநாடு கூட்டினார்கள். அந்தச் சண்டையில் ஃபெர்ராரா தோற்றார் என்றே சொல்ல வேண்டும். காலம் அரசின் பக்கம் சாய்ந்தது. 1887-இல் இத்தாலி உயர்ந்த சுங்கத் தீர்வை போட்டது. வடக்கின் ஆலைகளுக்கு அது குடை. மறு ஆண்டு பிரான்ஸோடு வணிகப் போர் மூண்டு, பிரான்ஸுக்குப் போன சிசிலிய வைனுக்கு வாசல் அடைபட்டது. திராட்சைத் தோட்டக்காரன் நொடிந்தான். 1890-களின் தொடக்கத்தில் ‘ஃபாஷி சிசிலியானி’ என்ற உழவர், தொழிலாளர் சங்கங்கள் கிளர்ந்தன. 1894-இல் அவற்றை இராணுவம் விட்டு ஒடுக்கியவர் பிரதமர் கிறிஸ்பி, அவரும் சிசிலியர். பிறகு இந்தத் துறையிலிருந்து நியூயோர்க்குக்கும் நியூ ஓர்லியன்ஸுக்கும் கப்பல் கப்பலாகச் சனம் போனது. சாமான் போகும் வழியை அடைத்தார்கள், மனிதர் போனார்கள்.

இந்த இடத்தில் என் மனது இரண்டாகப் பிரியும். அம்மாவின் பக்கம் வல்வெட்டித்துறைக் கப்பல்காரர். எங்கள் ஊரில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938-இல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் போய்வந்த அந்தச் சனத்தின் வாணிபம், இறக்குமதிக் கட்டுப்பாடு என்று அரசு ஒரு கோட்டைக் கிழித்ததும் ‘கடத்தல்’ ஆகிவிட்டது. போனது அதே கடல், அதே வள்ளம், அதே சேலை. ஃபெர்ராரா சொன்னதை நான் முழுதும் நம்புவது அந்தப் பக்கத்து இரத்தத்தால். அப்பாவின் பக்கம் சுன்னாகத் தோட்டக்காரர். 1970 முதல் 1977 வரை வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் தடுத்த காலத்தில் பெரியப்பா கல்வீடு கட்டினார், உழவு இயந்திரம் வாங்கினார். யாழ்ப்பாணத்துப் பெடியன் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கிய காலம். 1977-இல் கதவு திறந்ததும் செத்தல் மிளகாயின் விலை விழுந்தது. பெரியப்பாவிடம் போய் தடையற்ற வணிகம் எல்லோருக்கும் நன்மை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஃபெர்ராராவிடம் நான் காணும் குறையும் இதுதான்: கதவைத் திற என்றார், திறந்த காற்றில் அணைந்துபோகும் விளக்கை யார் பார்ப்பது என்று போதிய அளவு கேட்கவில்லை.

தாள் பணம் பற்றி அவர் சொன்னது எங்கள் வீட்டுக்குள் வந்தது 2022-இல். இலங்கை மத்திய வங்கி டொலரை 200 ரூபாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. வங்கியால் அனுப்பினால் ஒரு விலை, வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பினால் வேறு விலை. பலேர்மோவில் உண்டியல் செய்கிற அண்ணையிடம், ‘நாட்டுக்குக் காசு இல்லாமப் போகுதாம், வங்கியால அனுப்பச் சொல்லினம்’ என்று ஒருநாள் சொன்னேன். ‘தம்பி, உம்மட அம்மா கடையில போய் அரிசி வாங்கேக்குள்ள, கடைக்காரன் எந்த விலையில கணக்குப் பாக்கிறான்? அந்த விலையிலதான் நானும் அனுப்புறன்’ என்றார். ஃபெர்ராரா நூறு பக்கத்தில் எழுதியது அது. மார்ச்சில் வங்கி பிடியை விட்டது. அடுத்த மாதங்களில் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி நின்றது. தாளை அச்சடித்தவர்கள் ஒருவரும் வரி கூட்டியதாகச் சொல்லவில்லை. ஆனால் அம்மா கட்டிய வரி அது. பாணின் விலையில் கட்டினாள், மருந்தின் விலையில் கட்டினாள்.

அவர் பெயர் மறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். பொருளியலாளர் மாஃபெயோ பாந்தலெயோனி அவரை ஆசான் போல மதித்தார். 1948 முதல் 1955 வரை இத்தாலியின் குடியரசுத் தலைவராக இருந்த லுயீஜி எய்னவுதி அவரை ஊன்றிப் படித்த பொருளியலாளர். 1955-இல் ஜேம்ஸ் புக்கானன் என்ற அமெரிக்கர் ஓராண்டு தங்கிப் படிக்க இத்தாலிக்கு வந்தார். இந்த நாட்டு அரசநிதி எழுத்தாளர்களை, ஃபெர்ராராவில் தொடங்கி, தோண்டி எடுத்தார். அரசு என்பது எல்லாம் அறிந்த நல்லவன் அல்ல. அதுவும் தன்னலமுள்ள மனிதர்கள் நடத்துவது. அவர்களுக்கு என்ன விதி போடலாம் என்று அவர் கட்டிய ஆய்வுமுறைக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. பலேர்மோவில் சிறையிருந்தவரின் கேள்வி வர்ஜீனியா போய், உலகம் சுற்றி, இன்று எல்லா நாட்டு வரவுசெலவு விவாதத்திலும் இருக்கிறது. 2015-இல் பலேர்மோ நகரம் ஒரு சாசனம் வெளியிட்டது. மனிதர் இடம்பெயர்வது அடிப்படை உரிமை, வதிவிடப் பத்திர முறையே போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. சாசனத்தில் ஃபெர்ராராவின் பெயர் இல்லை. அவர் வாசித்திருந்தால் கையெழுத்திட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

அவோகாத்தோ போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. புத்தகங்களைப் பிள்ளைகள் கொண்டுபோனார்கள். எனக்கு அதில் கவலையில்லை. எனக்கு வேண்டியதை வாசித்துவிட்டேன். இப்போது வேலை இல்லாத நாட்களில் வருமானவரிப் படிவம், ஓய்வூதியக் கணக்கு என்று வருகிற நம் சனத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலானவர்கள் இத்தனை காலம் கட்டினார்கள். என்ன வருகிறது என்று கேட்டதில்லை. கேட்டால் பத்திரத்துக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம்.

போன மாதம் ஒரு அக்கா வந்தா. வீடுகளில் வேலை செய்து ஓய்ந்தவ. 67 வயது முடிகிறது. ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும். அறிக்கையை அச்செடுத்து மேசையில் விரித்து, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தோம். எல்லா ஆண்டும் இருந்தது, நடுவில் ஒரு வீட்டில் வேலை செய்த காலம் தவிர. அங்கே ஒவ்வொரு காலாண்டும் வெறுமையாக இருந்தது.

‘அக்கா, இந்த வீட்டில உங்களுக்குக் காசு பிடிச்சவையோ?’

‘மாசம் மாசம் பிடிச்சவை தம்பி. உன்ர ஓய்வூதியத்துக்கு எண்டு சொல்லித்தான் பிடிச்சவை.’

‘துண்டு வைச்சிருக்கிறீங்களோ?’

கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தா. சம்பளத் துண்டுகள் எல்லாம் மாத வாரியாக, ரப்பர் வளையம் போட்டு இருந்தன. ஒன்றும் தவறவில்லை.

‘அப்ப கேக்கலாமே தம்பி?’

‘கேக்கலாம்.’

‘எழுதித் தாரும்’ என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தா. முதல் துண்டின் தேதியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.